புழுவின் ரத்தத்தில் ஓடும் சர்க்கரை: ட்ரெஹலோஸ் எங்கே உதவும், எங்கே உதவாது

ஆந்திர எல்லையோரத்துக் குப்பம், வி.கோட்டா, பலமநேர் பக்கத்துப் பட்டுப்புழு மனைகளில், கூடு கட்டுமுன் வரும் கடைசியான ஐந்தாம் பருவத்தில் நன்றாகத் தின்றுகொண்டிருக்கும் ஒரு புழுவின் வயிற்றுக்காலை ஊசியால் லேசாகக் கீறினால் வெளிர்மஞ்சளாக ஒரு துளி வரும். அதைக் குளுக்கோமீட்டர் ஸ்ட்ரிப்பில் வைத்தால் மீட்டர் ஏறக்குறைய ஒன்றுமில்லை என்றே காட்டும். அந்தத் துளியில் சர்க்கரை இருக்கிறது, நம் ரத்தத்தில் இருப்பதைவிடச் சில மடங்கு அதிகமாகவே இருக்கிறது. ஸ்ட்ரிப்பில் பூசியிருக்கும் நொதி குளுக்கோஸை மட்டும்தான் அடையாளம் காணும். புழுவின் ரத்தத்தில் ஓடுவது ட்ரெஹலோஸ்.

இரண்டு குளுக்கோஸ் மூலக்கூறுகள் தலையோடு தலை ஒட்டிக்கொண்டால் ட்ரெஹலோஸ். குளுக்கோஸில் வேதிவினைக்குத் துடிக்கும் இடம் முதல் கார்பன். மால்டோஸிலும் லாக்டோஸிலும் அந்த இடம் ஒரு பக்கமாவது திறந்திருக்கும். ட்ரெஹலோஸில் இரு பக்கத்து முதல் கார்பன்களும் ஒன்றோடொன்று பிணைந்து மூடிவிடுகின்றன. அதனால் இது ஒடுக்கும் தன்மையற்ற சர்க்கரை. சர்க்கரையைச் சோதிக்கும் பெனடிக்ட் கரைசலில் செங்கல் நிறம் தராது, புரதத்தோடு ஒட்டிப் பழுப்பாகாது, அமிலத்துக்கும் சூட்டுக்கும் எளிதில் உடையாது. கடைச் சர்க்கரையான சுக்ரோஸும் ஒடுக்காத சர்க்கரைதான், ஆனால் அதன் பிணைப்பு பலவீனம். கொஞ்சம் புளிப்பும் கொஞ்சம் சூடும் பட்டாலே குளுக்கோஸாகவும் ஃப்ரக்டோஸாகவும் பிரிந்துவிடும். இந்த ஒரு வித்தியாசம்தான் மருந்துக் கம்பெனிகள் வரை ட்ரெஹலோஸைக் கொண்டுபோனது.

ஐரோப்பாவில் இதை 1832இல் கோதுமைக்கு உறவான ரை பயிரின் கதிரில் வரும் எர்காட் பூஞ்சையிலிருந்து விக்கர்ஸ் பிரித்தெடுத்தார். 1859இல் பெர்த்தெலோ ஒரு கூன்வண்டின் கூட்டிலிருந்து எடுத்துப் பெயர் வைத்தார். பூச்சிகளின் ரத்தச் சர்க்கரை இதுவே என்று வயட்டும் கால்ஃபும் 1957இல் விரிவாக எழுதினார்கள். பட்டுப்புழுவும் அவர்கள் சோதித்தவற்றில் ஒன்று.

பூச்சிகளில் இதன் அளவு பொதுவாக 5 முதல் 50 மில்லிமோலார். லிட்டருக்கு ஏறத்தாழ 1.7 கிராமிலிருந்து 17 கிராம் வரை. நமக்கு வெறும்வயிற்றில் லிட்டருக்கு ஒரு கிராம் குளுக்கோஸ் தாண்டினாலே டாக்டர் புருவம் உயர்த்துவார். இவ்வளவு சர்க்கரையைச் சுமந்தும் புழுவின் புரதங்கள் கெடாமலிருப்பதற்குக் காரணம் மேலே சொன்ன மூடிய முனைகள். இன்னொரு ஆதாயமும் உண்டு. குடலில் உறிஞ்சப்படும் குளுக்கோஸைப் புழுவின் கொழுப்புத் திசு உடனுக்குடன் ட்ரெஹலோஸாக மாற்றிவிடுவதால் ரத்தத்தில் குளுக்கோஸ் எப்போதும் குறைவாகவே நிற்கிறது. அதனால் குடலிலிருந்து குளுக்கோஸ் ரத்தத்துக்குள் சரிந்துகொண்டே இருக்கும், தனியாகச் சக்தி செலவழித்து இழுக்க வேண்டியதில்லை. தசைக்கோ பட்டுச் சுரப்பிக்கோ தேவைப்படும்போது ட்ரெஹலேஸ் என்ற நொதி அதை இரண்டு குளுக்கோஸாக உடைத்துக் கொடுக்கும்.

அளந்து பார்ப்பது எப்படி

பட்டுப்புழுத் துறை மாணவர்கள் திட்டப்பணிக்கு இதை அளப்பதுண்டு. பாதிப் பேர் அளப்பது ட்ரெஹலோஸை அல்ல, மொத்தச் சர்க்கரையை. முறை சரியாக இருந்தால் பெரிய கருவி வேண்டாம், 620 நானோமீட்டரில் படிக்கும் கலரிமீட்டர் போதும்.

ரத்தத்தைப் பனிக்கட்டியில் வைத்த குழாயில் பிடிக்க வேண்டும். குழாயில் முன்கூட்டியே ஃபீனைல்தயோயூரியா துகள் நான்கைந்து போட்டிருக்க வேண்டும், இல்லாவிட்டால் சில நிமிடங்களில் மெலனின் உண்டாகித் துளி கறுத்துவிடும். அந்தக் கறுப்பு பிறகு நிறமானியில் சர்க்கரையாகவே கணக்காகும். ஃபீனைல்தயோயூரியா கொடிய விஷம், கையுறை இல்லாமல் தொடக்கூடாது. 0.1 மில்லி ரத்தத்துக்கு 0.8 மில்லி 80 சதவீத எத்தனால் சேர்த்துக் கலக்கிச் சுழற்றினால் புரதமும், உடலின் சேமிப்புச் சர்க்கரையான கிளைக்கோஜனும் அடியில் தங்கும். மேல்தெளிவை எடுத்து எத்தனால் போகும்வரை உலர்த்தி, 0.5 மில்லி 0.1 நார்மல் கந்தக அமிலம் ஊற்றிக் கொதிநீரில் 10 நிமிடம் வைக்க வேண்டும். சுக்ரோஸ் இருந்தால் இங்கே உடையும், ட்ரெஹலோஸ் அசையாது. அடுத்து 0.5 மில்லி 6 நார்மல் சோடியம் ஹைட்ராக்சைடு சேர்த்து மறுபடி 10 நிமிடம் கொதிநீர். இப்போது குளுக்கோஸ், ஃப்ரக்டோஸ் எல்லாம் காரத்தில் சிதைந்துபோகும். மிஞ்சி நிற்பது ட்ரெஹலோஸ் மட்டும். குழாயைப் பனிக்கட்டியில் நன்றாகக் குளிரவைத்த பிறகே, சர்க்கரையோடு சேர்ந்து நீலப்பச்சை நிறம் தரும் ஆந்த்ரோன் கரைசலைச் சுவரோடு மெதுவாக விட வேண்டும். ஆந்த்ரோன் அடர் கந்தக அமிலத்தில் கரைந்திருக்கிறது, குழாயிலோ காரம். அவசரப்பட்டு ஊற்றினால் முகத்தில் தெறிக்கும். பிறகு 10 நிமிடம் கொதிநீர், குளிர்வித்து, நீலப்பச்சையை அளக்கலாம்.

முடிவு தாறுமாறாக வந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது குழாயைத் துடைத்த டிஷ்யூ பேப்பரையும் பஞ்சையும். அவை செல்லுலோஸ். அடர் அமிலத்தில் அதுவும் சர்க்கரையாக உடைந்து ஆந்த்ரோனுக்கு நிறம் கொடுக்கும். கண்ணுக்குத் தெரியாத ஓர் இழை போதும் கணக்கைக் கெடுக்க. அடுத்தது ஆந்த்ரோன் கரைசலின் வயது. அன்றன்று தயாரிப்பதே நல்லது. ஒப்பீட்டு வரைகோட்டைக் குளுக்கோஸில் போடாமல் ட்ரெஹலோஸிலேயே போட வேண்டும், அதுவும் காரத்தில் வேகவைக்கும் படி உட்பட எல்லாப் படிகளையும் கடந்த ட்ரெஹலோஸில். குளுக்கோஸ் வைத்து அதே படிகளைச் செய்தால் வரைகோடே வராது, எல்லாம் அழிந்திருக்கும்.

வெண்பட்டு ரகங்களில் இன்னொரு வேலையையும் இந்தச் சர்க்கரை பார்க்கிறது. தாய் கூட்டுப்புழுவாக இருக்கும்போதே உறக்க ஹார்மோன் சுரந்து, சூலகத்தில் ட்ரெஹலேஸைக் கூட்டுகிறது. ரத்தத்து ட்ரெஹலோஸ் உடைந்து முட்டைக்குள் கிளைக்கோஜனாகச் சேர்கிறது. இட்ட பிறகு அந்தக் கிளைக்கோஜன் சார்பிட்டாலாகவும் கிளிசராலாகவும் மாறி, முட்டை உறங்கிப்போகிறது. முட்டை தயாரிக்கும் வித்தகத்தில், இட்ட சுமார் 20 மணி நேரத்தில் முட்டையை 46 டிகிரி ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் ஐந்து நிமிடம் முக்கி எடுப்பது இந்த உறக்கம் பிடிக்குமுன் தடுக்கத்தான். எல்லையோரம் இன்னும் புழங்கும் மஞ்சள் கூட்டுக் கலப்பினத்தில் தாய் பலசந்ததி ரகம் (ஆண்டுக்குப் பல தலைமுறை காண்பது) என்பதால் இந்தச் சிக்கலே இல்லை.

ஈஸ்ட் பாக்கெட்டும் மார்கழித் தண்ணீரும்

ட்ரெஹலோஸின் உண்மையான திறமை உலர்ந்துபோனதைக் காப்பது. பேக்கரி ஈஸ்ட்டின் உலர் எடையில் 15 சதவீதம் வரைக்கும்கூட இது இருக்கும். அதனால்தான் உலர்த்திப் பாக்கெட்டில் அடைத்த ஈஸ்ட் மாதக்கணக்கில் சாகாமல் கிடக்கிறது. உயிரணுவின் சவ்வில் கொழுப்பு மூலக்கூறுகளுக்கிடையே தண்ணீர் உட்கார்ந்திருக்கும். தண்ணீர் போனதும் அவை நெருங்கிக் கெட்டியாகும். அந்த இடங்களில் ட்ரெஹலோஸ் போய் அமர்ந்து இடைவெளியைக் காக்கிறது என்பது ஜான் குரோ, லோயிஸ் குரோ இருவரின் விளக்கம். கூடவே சர்க்கரையே கண்ணாடிபோல இறுகி, உள்ளே இருப்பவை எதுவும் நகரவிடாமல் பிடித்துக்கொள்கிறது. இரண்டில் எது முதன்மை என்று இன்னும் வாதம் உண்டு. எனக்கு இரண்டும் சேர்ந்துதான் என்றே படுகிறது.

இதன் நடைமுறைப் பயன் நேரடியானது. குப்பம், மதனப்பள்ளி மேட்டில் மார்கழிக் காலைத் தொட்டித் தண்ணீர் சில்லென்றிருக்கும். பெரிய மணியாக வரும் உலர் ஈஸ்ட்டை அதில் நேராகப் போட்டால் பன் சரியாக உப்பாது, மாவும் பிசுபிசுவென்று இளகும். ஈஸ்ட் பழசு என்று கடைக்காரரைத் திட்டுவார்கள். நடந்தது வேறு. குளிர்ந்த நீரில் நனையும்போது கெட்டியாக இருக்கும் சவ்வு சீராக இளகாமல் ஓட்டை விடுகிறது. உள்ளிருக்கும் சத்தெல்லாம் கசிகிறது. கசிந்த குளுட்டாதயோன் என்ற பொருள் மாவின் குளூட்டன் பின்னலை அறுக்கிறது. 10 கிராம் ஈஸ்ட்டுக்கு 50 மில்லி தண்ணீர், 38 முதல் 42 டிகிரி சூடு, பத்து நிமிடம். கைவிரல் வைத்தால் வெதுவெதுப்பு தெரிய வேண்டும், சுடக்கூடாது. 55 டிகிரிக்கு மேல் போனால் ஈஸ்ட் செத்துவிடும். நுண்மணி இன்ஸ்டன்ட் ஈஸ்ட்டை மாவோடு நேராகக் கலக்கலாம். மாவு அதைச் சுற்றி ஈரத்தை மெதுவாக விடுவதால் தப்பிக்கும்.

மாவைப் பிசைந்து ஃப்ரீசரில் வைத்து மறுநாள் சுடும் கடைகளுக்கும் இதே கணக்குதான். நொதிக்க ஆரம்பித்ததும் ஈஸ்ட் தன் ட்ரெஹலோஸை மளமளவென்று செலவழித்துவிடும். அரைமணி நேரம் மேசையில் புளித்த மாவை உறையவைத்தால் பாதுகாப்புத் தீர்ந்த ஈஸ்ட்தான் உறைகிறது. பிசைந்த மாவின் சூடு 20 டிகிரியைத் தாண்டாமல் பார்த்து, பிசைந்த கையோடு உருட்டி உறையவைப்பதும், ஈஸ்ட்டை வழக்கத்தைவிட ஒன்றரை மடங்கு போடுவதும் சரியான வழி.

மருந்துக் குப்பிக்குள் 400 மில்லிகிராம்

சித்தூர், குப்பம் பக்கத்து மக்கள் பெரிய சிகிச்சைக்கு வேலூர் போவது தலைமுறைப் பழக்கம். மார்பகப் புற்றுக்கு அங்கே ட்ராஸ்டுசுமாப் என்ற புரத மருந்தை ஏற்றிக்கொண்டவர்களின் நரம்பில் ட்ரெஹலோஸும் சேர்ந்து ஏறியிருக்கும் வாய்ப்பு அதிகம். 440 மில்லிகிராம் மூலக் குப்பியின் சீட்டில் பாருங்கள்: மருந்து 440 மில்லிகிராம், ட்ரெஹலோஸ் டைஹைட்ரேட் 400 மில்லிகிராம், மீதி ஹிஸ்டிடினும் கொஞ்சம் பாலிசார்பேட்டும்.

இந்த 400 எங்கிருந்து வந்தது? மருந்துப் புரதத்தின் மூலக்கூறு எடை சுமார் 1,50,000. 440 மில்லிகிராமில் 2.9 மைக்ரோமோல் புரதம். டைஹைட்ரேட்டின் எடை 378. 400 மில்லிகிராமில் 1,058 மைக்ரோமோல். வகுத்தால் ஒரு புரத மூலக்கூறுக்கு ஏறத்தாழ 360 சர்க்கரை மூலக்கூறுகள். 2001இல் வெளியான ஆய்வில் கிளீலண்டும் குழுவினரும் இந்தப் புரதம் உலர்ந்த நிலையில் கெடாமலிருக்க வேண்டிய விகிதம் 360க்கு ஒன்று என்று கண்டதும் இதே எண்தான். புரதத்தின் மேற்பரப்பில் தண்ணீர் பிடித்திருந்த இடங்களையெல்லாம் நிரப்பக் கிட்டத்தட்ட இவ்வளவு வேண்டியிருக்கிறது. குறைத்தால் புரதம் ஒன்றோடொன்று கட்டிக்கொள்ளும். கூட்டினால் பெரிய லாபமில்லை.

செவிலியர்களுக்குத் தெரிந்த ஒரு விதி இங்கே சுவாரசியமாகிறது. இந்த மருந்தைக் கரைத்த பிறகு 5 சதவீத டெக்ஸ்ட்ரோஸில் கலக்கவே கூடாது, நார்மல் சலைன்தான். டெக்ஸ்ட்ரோஸ் என்பது குளுக்கோஸ். இரண்டு குளுக்கோஸ் சேர்ந்த ட்ரெஹலோஸ் காப்பாற்றும் அதே புரதம், தனிக் குளுக்கோஸ் கரைசலில் திரண்டுவிடுகிறது. 20 மில்லி நீர் விட்டுக் கரைக்கும்போது குலுக்கவும் கூடாது. குப்பியை மெல்லச் சுழற்றி, நுரை அடங்க ஐந்து நிமிடம் விட வேண்டும். காற்றும் நீரும் சந்திக்கும் நுரைப் பரப்பில் புரதம் விரிந்துவிடும், அதை எந்தச் சர்க்கரையும் தடுக்காது.

இன்னொரு புற்று மருந்தான பெவாசிசுமாப் உலர் மருந்தல்ல, திரவம். அதன் 4 மில்லிக் குப்பியிலும் 240 மில்லிகிராம் ட்ரெஹலோஸ் இருக்கிறது. இதற்காக எல்லா ஊசியிலும் இது இருக்கும் என்று நினைத்துவிட வேண்டாம். கோவிட் காலத்தில் நம்மில் பெரும்பாலோர் போட்டுக்கொண்ட கோவிஷீல்டில் இருந்தது சுக்ரோஸ்தான். சுக்ரோஸ் மலிவு, நடுநிலை அமிலத்தன்மையில் ஒழுங்காக வேலை செய்யும். நுண்ணுயிர் வளர்ப்புகளை உலர்த்திச் சேமிக்கும் கல்லூரி ஆய்வகங்களுக்கும் நான் சொல்வது: முதலில் 10 சதவீத சுக்ரோஸில் முயன்று பாருங்கள், போதவில்லையென்றால் ட்ரெஹலோஸுக்கு மாறுங்கள். அமிலக் கரைசல், சூடான கிடங்கு, நீண்ட காலச் சேமிப்பு இவை வந்தால் ட்ரெஹலோஸ் கட்டாயம். இறுகிய கண்ணாடி நிலை சுக்ரோஸில் 60 முதல் 70 டிகிரி வரைதான் தாங்கும். ட்ரெஹலோஸில் அது 100 டிகிரியைத் தாண்டும். ஈரம் ஏறினால் இரண்டும் மளமளவென்று சரியும். அதனால் ரப்பர் மூடி சரியில்லாத குப்பியில் எந்தச் சர்க்கரையைப் போட்டாலும் ஒன்றுதான்.

ஆய்வகத்தில் அடிக்கடி நேரும் தவறு எடை போடுவதில். புட்டியில் வருவது பெரும்பாலும் இரண்டு நீர் மூலக்கூறு சேர்ந்த டைஹைட்ரேட். நீரற்ற எடை 342.3 என்று பாடப்புத்தகத்தில் பார்த்து, 100 மில்லிக்கு 3.42 கிராம் போட்டு 100 மில்லிமோலார் என்று எழுதிவிடுவார்கள். உண்மையில் அது 90. சரியான எடை 3.78 கிராம். இரண்டாவது தவறு, அதே கரைசலில் மேனிட்டால் என்ற சர்க்கரை ஆல்கஹாலைச் சேர்ப்பது, அல்லது உறைந்த கரைசலை மைனஸ் 20இல் மாதக்கணக்கில் விடுவது. ட்ரெஹலோஸ் படிகமாகப் பிரிந்துவிடலாம். படிகமானதும் அது தனியாக ஒதுங்கிவிடும், புரதம் நிராதரவாக நிற்கும். உறைந்திருக்கிறது, பத்திரமாக இருக்கிறது என்று நம்பித் திறந்தால் குழாய் கலங்கியிருக்கும். மைனஸ் 70இல் வையுங்கள்.

மூன்றாவது தவறு எதிர்பார்ப்பில். பாலூட்டி உயிரணுவைச் சுற்றி எவ்வளவு ட்ரெஹலோஸ் ஊற்றினாலும் உள்ளே போகாது, அதற்கான வாசல் அதன் சவ்வில் இல்லை. சவ்வின் வெளிப்பக்கம் மட்டும் காப்பாற்றப்பட்டு உள்பக்கம் காய்ந்தால் உயிரணு பிழைக்காது. ரத்தத் தட்டணுக்களை 37 டிகிரியில் சில மணி நேரம் ட்ரெஹலோஸில் ஊறவைத்தால் அவை விழுங்கிக்கொள்கின்றன என்று 2001இல் காட்டியதால்தான் தட்டணுக்களை உலர்த்தும் முயற்சியே சாத்தியமானது. ஆப்பிரிக்கப் பாறைக்குழிகளில் வாழும் கொசுபோன்ற ஒரு பூச்சியின் புழு, வறண்ட காலத்தில் முழுதாகக் காய்ந்து, மழை வந்ததும் எழுந்துகொள்கிறது. அதன் உலர் எடையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு ட்ரெஹலோஸ். அதனிடம் தனிக் கடத்துப் புரதமே இருக்கிறது.

கண்ணில் விடும்போது

மனிதருக்கு நேரடி மருந்தாக ட்ரெஹலோஸ் உறுதியாக வேலை செய்யும் இடம் கண். ஜப்பானின் ஒகயாமாவில் மட்சுவோ 2001இல், காற்றில் காயும் கருவிழி உயிரணுக்களை ட்ரெஹலோஸ் காப்பதைக் காட்டினார். பிறகு 100 மில்லிமோலார் சொட்டு மருந்தாக உலர் கண்ணுக்குப் பரிசோதித்தார். இப்போது கடைகளில் கிடைக்கும் 3 சதவீதச் சொட்டு மருந்து அந்த அளவுக்கு அருகில்தான். பலவற்றில் சோடியம் ஹயலுரோனேட்டும் சேர்ந்திருக்கும். அது ஈரத்தைப் பிடித்துவைக்கும், ட்ரெஹலோஸ் உயிரணுவைக் காக்கும். வேறு வேறு வேலை என்பதால் சேர்க்கையில் அர்த்தமிருக்கிறது.

கூடு வேகும் தொட்டி ஆவியில் நாள் முழுக்க நிற்பவர்கள், பைக்கில் தூரம் போகிறவர்கள், திரை பார்த்தே பிழைக்கிறவர்கள் இதைக் கேட்டு வாங்குகிறார்கள். வாங்கும்போது பதப்பொருள் சேர்க்காத புட்டியைக் கேளுங்கள். ஒரு நாளைக்கு நாலு தடவைக்கு மேல் விடுகிறவர்களுக்குப் பதப்பொருளே எரிச்சலைக் கூட்டும். கீழ்இமையை இழுத்து ஒரு சொட்டு. இரண்டாவது சொட்டு வழிந்து கன்னத்துக்குத்தான் போகும். வேறு மருந்தும் விட வேண்டுமென்றால் இடையில் ஐந்து முதல் பத்து நிமிடம். திறந்த பிறகு எத்தனை நாள் என்பது புட்டிக்குப் புட்டி மாறும், அட்டையில் தேதி எழுதி வையுங்கள்.

இணையத்தில் பொடி மலிவாகக் கிடைக்கிறது என்று வீட்டில் கரைத்துக் கண்ணில் விடுவதை மட்டும் செய்யவே வேண்டாம். சர்க்கரைத் தண்ணீர் பூஞ்சைக்கும் பாக்டீரியாவுக்கும் விருந்து. வயல்வேலையில் தோகை கீறிய கண்ணில் அது விழுந்தால் கருவிழிப் புண்ணில் முடியும், பார்வையே போகலாம். கண் சிவந்து வலித்தால், வெளிச்சம் பார்க்கக் கூசினால், எந்தச் சொட்டு மருந்தும் விடாமல் கண் மருத்துவரிடம் போக வேண்டும்.

வாயில் போடும்போது

விழுங்கினால் கதை வேறு. நம் சிறுகுடலின் உட்சுவரில் ட்ரெஹலேஸ் இருக்கிறது. வந்த ட்ரெஹலோஸையெல்லாம் குளுக்கோஸாக உடைத்து உள்ளே அனுப்பிவிடும். தப்பி ரத்தத்துக்கு வந்தாலும் அங்கேயும் கொஞ்சம் ட்ரெஹலேஸ் உண்டு, சிறுநீரகத்திலும் உண்டு. சர்க்கரை நோயாளிக்கு ஏற்றது என்று விற்பது அரை உண்மை. ஏற்றம் மெதுவாக இருக்கும், அவ்வளவுதான். கிராமுக்கு நாலு கலோரி, இரண்டு குளுக்கோஸ். இனிப்போ கடைச் சர்க்கரையில் பாதிக்கும் குறைவு, 45 சதவீதம். அதே இனிப்பு வர இரு மடங்குக்கு மேல் போட வேண்டும், அப்போது மெதுவாக ஏறும் ஆதாயமும் போய்விடும். இதைச் சமையலில் போடுவதற்கு நல்ல காரணம் வேறு: மாவுப்பண்டம் மறுநாள் விறைக்காமல் இருக்கும், நிறம் பழுப்பாகாது. சர்க்கரையில் நாலில் ஒரு பங்கை மாற்றினால் போதும். முன்பு பொன்விலை விற்ற பொருள் இது. 1990களின் நடுவில் ஜப்பானின் ஹயஷிபரா நிறுவனம் மாவுச்சத்திலிருந்து இரண்டு நொதிகளால் தயாரிக்கும் வழி கண்டபின் விலை நூறில் ஒரு பங்கு அளவுக்கு இறங்கியது.

காளானிலும் ட்ரெஹலோஸ் கணிசம். பால் காளான், சிப்பிக் காளான் சாப்பிட்டால் மட்டும் வயிறு உப்பி, வயிற்றுப்போக்கு வருகிறது, வேறு எதற்கும் வருவதில்லை என்கிறவர்களுக்கு ட்ரெஹலேஸ் குறைபாடு இருக்கலாம். பெரும்பாலான மக்களிடம் அபூர்வம், கிரீன்லாந்து மக்களில் மட்டும் ஏறத்தாழ 8 சதவீதம் பேரிடம் காணப்பட்டது. மருந்து எதுவும் தேவையில்லை, காளானை விட்டால் போதும்.

இப்போது பெரிய பேச்சு ஆட்டோஃபஜி, அதாவது உயிரணு தன் குப்பையைத் தானே தின்று செரிக்கும் வேலை. மூளை சிதையும் ஹண்டிங்டன் நோய் உள்ள எலிகளுக்குக் குடிநீரில் 2 சதவீத ட்ரெஹலோஸ் கொடுத்ததில் மூளையில் புரதக் கட்டிகள் குறைந்தன என்று 2004இல் ஜப்பானிய ஆய்வு வந்தது. 2007இல் ரூபின்ஸ்டைன் குழு, உயிரணு வளர்ப்பில் ட்ரெஹலோஸ் ஆட்டோஃபஜியைத் தூண்டுவதைக் காட்டியது. அதிலிருந்து டப்பாவில் அடைத்து விற்பனை. ஆனால் வளர்ப்புத் தட்டில் ஊற்றுவது வழக்கமாக 100 மில்லிமோலார். 60 கிலோ எடை மனிதருக்கு உயிரணுக்களுக்கு வெளியே சுமார் 12 லிட்டர் திரவம். அதை அந்த அடர்த்திக்குக் கொண்டுவர 400 கிராமுக்கு மேல் வேண்டும், அதுவும் ஒரு துகள்கூட உடையாமல். டப்பா சொல்வது நாளைக்கு ஒரு ஸ்பூன். குடல் ட்ரெஹலேஸ் அதை மதிய உணவுக்கு முன்பே முடித்துவிடும். குடலைத் தவிர்த்து நரம்பு வழியாக வாரம் ஒருமுறை ஏற்றிப் பார்த்த ஏஎல்எஸ் (தசையை இயக்கும் நரம்பணுக்கள் சிதையும் நோய்) பரிசோதனையும் 2024இல் வந்த முடிவின்படி முதன்மை இலக்கை எட்டவில்லை. வாய்வழி எடுத்துச் சிறு நன்மை கண்ட ஆய்வும் உண்டு. நடுவயது தாண்டியவர்கள் 12 வாரம் தினமும் 100 கிராம் குடித்ததில் சிறு ரத்தநாளங்கள் சற்று நன்றாக விரிந்தன, மால்டோஸ் குடித்தவர்களுக்கு அப்படியில்லை. எடை கூடாதவர்களிடம்தான் அது தெளிவாகத் தெரிந்தது. தினம் 400 கலோரி கூடுதலாகக் குடித்து எடை கூடாமலிருப்பது எத்தனை பேருக்கு முடியும்?

2018இல் ஒரு பயமும் கிளம்பியது. குடலைப் பாதிக்கும் க்ளாஸ்ட்ரிடியம் டிஃபிசில் என்ற பாக்டீரியாவின் இரண்டு கொடிய வகைகள் குறைந்த ட்ரெஹலோஸிலும் வளரும் திறன் பெற்றிருந்தன. உணவில் ட்ரெஹலோஸ் வந்ததுதான் அவை பரவக் காரணம் என்று எழுதினார்கள். நோயாளிகளின் மரபணுத் தரவுகளை வைத்துப் பின்னால் செய்த ஆய்வுகள் அதை உறுதிசெய்யவில்லை. பயப்படவும் வேண்டாம், டப்பா வாங்கவும் வேண்டாம்.

காசநோய்க் கிருமியின் சட்டை

மனித உடல் ட்ரெஹலோஸைத் தயாரிப்பதில்லை. தயாரித்தே தீர வேண்டிய எதிரி ஒருவன் இருக்கிறான், காசநோய்க் கிருமி. அதன் மெழுகுச் சுவருக்கு வேண்டிய நீளமான மைக்காலிக் அமிலங்களை ட்ரெஹலோஸ்தான் முதுகில் சுமந்துபோய் வெளியே சேர்க்கிறது. இரண்டு மைக்காலிக் அமிலம் ஏறிய ட்ரெஹலோஸ், கிருமிகள் கயிறுபோல் திரிந்து வளரக் காரணமான நஞ்சு. நம் நோய் எதிர்ப்பு உயிரணுக்கள் மின்கிள் என்ற ஏற்பியால் இதைத்தான் முகர்ந்து பிடிக்கின்றன என்று 2009இல் தெரிந்தது. சுமந்துபோகும் கடத்தியான எம்எம்பிஎல்3ஐ அடைக்கும் மருந்துகளுக்கான தேடல் இதனால்தான் நடக்கிறது.

இதே வழியை நெல்லில் ஏற்கெனவே பயன்படுத்துகிறோம். இலையுறைக் கருகலுக்கு அடிக்கும் வேலிடாமைசின், பூஞ்சையின் ட்ரெஹலேஸை அடைத்து, சேமித்த சர்க்கரையை அது தின்னவிடாமல் செய்கிறது. பட்டுப்புழு வாழ்வதும் அதே நொதியால் என்பதால், நெல்லும் மல்பெரியும் அடுத்தடுத்த வரப்பில் இருக்கும் இடங்களில் சாரல் இலைப்பக்கம் போகாமல் காற்று அடங்கிய நேரத்தில் அடிப்பது நல்லது.

காசநோய்க் கண்டறிதலில் இதன் பயன் இன்னும் நேரடியானது. சளியைச் சாயமேற்றி மைக்ராஸ்கோப்பில் பார்க்கும் வழக்கமான சோதனை, செத்த கிருமியையும் சிவப்பாகவே காட்டும். மருந்து தொடங்கி இரண்டு மாதம் ஆனவரின் சளியில் தெரியும் கிருமி உயிரோடு இருக்கிறதா என்று அதில் தெரியாது. 2018இல் ஸ்டான்ஃபோர்டில் கரோலின் பெர்டோஸியின் குழு, ட்ரெஹலோஸின் ஒரு முனையில் ஒளிரும் சாயத்தைக் கட்டிக் கொடுத்தது. உயிருள்ள கிருமி அதைத் தன் சர்க்கரை என்று நம்பிச் சுவரில் வைத்துத் தைத்துக்கொள்ளும். தண்ணீரில் மங்கியிருக்கும் சாயம் மெழுகுக்குள் போனதும் நூற்றுக்கணக்கான மடங்கு ஒளிரும், அதனால் கழுவ வேண்டிய வேலையும் இல்லை. சளியோடு சுமார் ஒரு மணி நேரம் வைத்தால் போதும். மருந்தால் செத்த கிருமி ஒளிராது. தென்னாப்பிரிக்க நோயாளிகளின் சளியில் இதைச் சோதித்தார்கள். குறையும் உண்டு: காசநோய்க் கிருமியின் சொந்தக்காரக் கிருமிகளும் இதே சுவரைத்தான் கட்டுகின்றன, அவையும் ஒளிரும். ஆகவே ஒளிர்ந்தது காசநோய்க் கிருமிதானா என்பதை மரபணுச் சோதனைதான் சொல்ல வேண்டும், உயிரோடிருக்கிறதா என்பதை இந்தச் சாயம் சொல்லும்.